கனகலட்சுமியின் வலது தோள்

ஏப்ரல் 21, 2025

இன்று மணலில் நாற்பது பேர். காஜா நவாஸ் பதினொன்று என்கிறான். டீக்கடைக்காரனுக்கு கிளாஸை எண்ணத் தெரியும், ஆளை எண்ணத் தெரியுமா?

மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஆட்களும் அப்படியே கிடக்கிறார்கள். அசையாத மூட்டு இறுகும் என்று சொல்லி, காலை ஆறு மணிக்கு வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கவும் காலை மடக்கவும் வைக்கிறேன். சும்மாவா? முப்பது வருடம் மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி சொல்லிக்கொடுத்தவன். என்னிடம் படித்துப்போன டாக்டர்களே மூவாயிரம் பேர். ஒரு தடவை புரொபசருக்குக் காய்ச்சல். முழு வகுப்பையும் நானே எடுத்தேன். பெஞ்சில் ஒரு சத்தம் இல்லை.

படகு டிரைவர் வேல்ராஜ் கேட்டான்: "வாத்தியாரே, மனுசனுக்கு எத்தன எலும்பு?"

இருநூற்று ஆறு என்றேன்.

"இம்புட்டையும் வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்து டீ குடிக்கிறமேய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பில் சிரிப்பது எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 24

கனகத்துக்கு மூன்று மாதமாக வலது தோளில் வலியாம். இன்றுதான் எனக்குத் தெரிகிறது. கொண்டை போடக் கையைத் தூக்கினாள், சீப்பு காதோடு நின்றுவிட்டது. வீட்டில் ஒரு அனாட்டமி வாத்தியாரை வைத்துக்கொண்டு எதுக்குடி மறைச்ச என்று கத்தினேன்.

"சொன்னா வகுப்பு எடுப்பீக" என்றாள்.

பார்மலினில் ஊறி மரக்கட்டையாய் விறைத்த பிணத்தின் கையையே ஒரே இழுப்பில் வாகாகத் திருப்பிவைத்தவன் நான். இவள் கை எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 27

அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். பின்னால் நின்றேன். ஒரு கை தோளில், ஒரு கை முழங்கையில். மேலே ஒரே இழுப்பு.

துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் அவள் சத்தம். பக்கத்து வீட்டு உம்மு ஹபீபா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள்.

உம்மு ஹபீபா கொடுத்த தண்ணீரைக் கனகம் இடது கையால் வாங்கிக் குடித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னையப் பொணம்னு நெனச்சீகளா?"

என்ன பேச்சு இது! நல்லதுக்குத்தானே செஞ்சேன்? எத்தனை நூறு கையைத் தூக்கியிருக்கிறேன். ஒரு கையாவது இப்படிக் கத்தியிருக்கிறதா?

ஏப்ரல் 28

மண்டபத்தில் ஒரு கிளினிக். எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை என்றார்கள். நான் அதை முன்னமே சொன்னேன். எவன் கேட்டான்?

பிசியோதெரபி பார்க்கிற பெண் சிவகௌரி. இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவளாம், இருபத்தாறு வயது இருக்கலாம். கையைப் பார்த்ததுமே கேட்டாள்:

"ஆர் ஐயா இந்தக் கையை இழுத்தது?"

"நான்தான். இறுகியிருந்துச்சு."

"இறுகினால் இழுக்கிறதோ? மூட்டைச் சுத்தியிருக்கிற உறை சுருங்கிப் போச்சு. நீங்கள் அதைக் கிழிச்சுப் போட்டியள். அம்மாவுக்குச் சுகர் இருக்கோ?"

இல்லை என்றேன். "ரெண்டு வருசமா மாத்தர போடுறேன்" என்றாள் கனகம். அவளிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. கல்யாணமாகி முப்பத்துநாலு வருடம்.

"நான் மூவாயிரம் டாக்டருக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"சரி ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. எனக்கு அம்மாவின்ட முகம் தெரியோணும்."

ஏப்ரல் 29

தள்ளி நிக்கணுமாம். நான்!

மே 3

கனகம் என்னைக் கிட்டவே விடுவதில்லை. காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு உம்மு ஹபீபா வீட்டுக்குத் தலைவாரப் போகிறாள். பின்னாலேயே போய், நான் வாரிவிட மாட்டேனா என்று கேட்டேன்.

உம்மு ஹபீபா சொன்னாள்: "அண்ணே, நீங்க படிச்சவுக. நா படிக்காதவ. அதான் மெதுவா வாருறேன்."

வாசல் வாளியை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. இதையும் எவரிடமும் சொல்லப்போவதில்லை.

மே 9

ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்று வேல்ராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "வாத்தியாரே, தொடாமச் சொல்லிக்குடுங்க. ஒத்தக் கையோட ஸ்டியரிங் புடிக்க முடியாது."

போங்கடா எல்லாரும்! வகுப்பு கிடையாது.

மே 16

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளினிக்குக் கூட்டிப்போகிறேன். தள்ளித்தான் நிற்கிறேன். அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையைப் பார்ப்பதே இல்லை. கையை மெல்லத் தூக்குகிறாள், கண் மட்டும் கனகத்தின் முகத்தில். புருவம் துளி சுருங்கியதும், "இதில நிப்பாட்டுவம்" என்கிறாள். காத்திருக்கிறாள். கனகம் மூச்சு விட்டதும் இன்னொரு விரல்கடை மேலே.

பஸ்ஸில் வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அனாட்டமி ஹாலில் காலையில் என் முதல் வேலை என்ன? ஒவ்வொரு மேசையிலும் பிணத்தின் முகத்தை ஈரத்துணியால் மூடுவது. மாணவர்கள் வருவதற்குள் மூடிவிட வேண்டும். முப்பது வருடம் மூடியிருக்கிறேன். மூடிய பிறகுதான் கையைத் தூக்குவேன்.

கனகத்தைப் பின்னால் நின்றுதானே இழுத்தேன்?

யார் மேல் கோபப்படுவது? எழுதிவிடுகிறேன், எவன் படிக்கப்போகிறான். நான் வாத்தியார் இல்லை. அட்டெண்டர். பிணம் தூக்கினேன், மேசை கழுவினேன், எலும்புப் பெட்டியைப் பூட்டினேன். புரொபசருக்குக் காய்ச்சல் வந்த அன்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெஞ்சில் சத்தம் இல்லாததற்குக் காரணம், பெஞ்சில் ஆளே இல்லை. காலிப் பெஞ்சுகளுக்கு ஒரு மணி நேரம் தோள்பட்டை எலும்பை விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன்.

மே 17

இன்று எங்கள் முறை இல்லை. நான் மட்டும் கிளினிக்குப் போய்ச் சிவகௌரியிடம் சொன்னேன், அட்டெண்டர் என்று. சிரிப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு முதலே தெரியும் ஐயா. அம்மா சொன்னவ."

இது வேறயா!

"சரி, வீட்டில செய்யிறதுக்கு ஒரு வேலை தாறன்" என்றாள். சுவரைப் பார்த்து நின்று விரலாலேயே மேலே ஏற வேண்டும், எட்டிய இடத்தில் பென்சில் கோடு. ஒரு நாளைக்கு மூன்று தடவை. "நீங்கள் பக்கத்தில நிக்கலாம். அம்மா ஓமெண்டால் மட்டும்."

கனகம் ஓம் சொல்லவில்லை.

மே 22

"பென்சில மட்டும் புடிங்க" என்றாள் இன்று. பிடித்தேன்.

ஜூன் 2

கோடு தாடை உயரத்திலிருந்து நெற்றிக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் நானும் ஏறிப் பார்த்தேன். அப்படியே வானத்தைத் தொடுவேன் என்று நினைத்தேன். என் தோளும் பாதியில் நிற்கிறது! மணலில் இத்தனை நாள் கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று கத்தியவன் ஒரு நாளும் தூக்கியதில்லை. எரிச்சலாக வந்தது. கனகம் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சிரித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 14

நாளை கடலுக்குப் போகிறார்கள். வலை, ஐஸ், டீசல் என்று கரை முழுக்க ஓட்டம். ஒரு மாதத்துக்குப் பிறகு, ஆறு மணிக்கு மணலில் போய் நின்றேன். பதினொரு பேர் வந்தார்கள். பதினொன்றுதான். நானும் அவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கினேன், போகிற மட்டும். முடிந்ததும் சொல்லிவிட்டேன், நான் அட்டெண்டர்தானடா என்று.

காஜா நவாஸ் கேட்டான்: "அதுக்கென்ன மாமா இப்ப?"

"தெரிஞ்சேதானடா வந்தீக?"

"முப்பது வருசம் வாத்தியாரா இருந்தவன் இப்புடியா கத்துவான்? அப்பவே தெரியும்" என்றான் வேல்ராஜ். "தூக்குனா கை நல்லாத்தான இருந்துச்சு. தடை முடிஞ்சா என்ன, கடலுக்குப் போகாத நாள்ல வாரோம்."

ஏன் அதற்கும் கோபம் வந்தது என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6

காலையில் கனகம் சீப்பை எடுத்தாள். காதைத் தாண்டிப் போனது. உச்சிக்கு இன்னும் நாலு விரல்கடை இருக்கையில் நின்றது. உம்மு ஹபீபா வீட்டுக்குக் கிளம்புவாள் என்று வழிவிட்டு ஒதுங்கினேன்.

சீப்பை என் பக்கம் நீட்டினாள். "மேல மட்டும் வாருங்க. பின்னால நிக்காதீக. முன்னால வாங்க."

முன்னால் நின்று, எட்டிக் கூந்தலைப் பிடித்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே வாரினேன். இரண்டு இடத்தில் புருவம் சுருங்கியது. நிறுத்தினேன். மூச்சு விட்ட பிறகு வாரினேன்.

கொண்டையையும் நானே போட்டேன். பிரமாதமாக அமைந்தது. இல்லை, கோணல். "கோணல்" என்று அவளே சொன்னாள். அதோடுதான் கடைக்குப் போனாள்.

இடது புருவத்தின் ஓரத்தில் அவளுக்கு ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது என்று கேட்க வேண்டும்.