தம்பியின் தலை பெரிதாம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள், வயிற்றில் இருப்பவன் என்று நாலு பேரும் சுகம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுகம். விரல்கள் வீங்கிப் போய்ப் பேனா பிடிக்க வரவில்லை, மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன், அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள், எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் அவளைக் கேள். லாண்டரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன், நின்றபடியே போர்வை மடிக்க இனி முடியாது, மேற்பார்வைக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வைத்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கு இந்த மாதமும் இரவு வேலைதான், பகலில் தூங்குகிறேன் என்று கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். போன செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்குப் போனோம். வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பு அம்மா அன்று வரவில்லை, டாக்டர் சொன்னதையெல்லாம் நம் சின்னவள்தான் எனக்குச் சொன்னாள், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது வீண்போகவில்லை. தம்பிக்குத் தலை பெரிதாம், மூளை நிறைய இருக்குமாம். அப்பாவிடம் சொன்னேன், நல்லவேளை உன்னை மாதிரி இல்லை என்றார், வாய்க்கொழுப்பு. பாஷை தெரியாவிட்டால் என்ன, மேல் வீட்டுக்காரியிடம் கையால் காட்டியே சொல்லிவிட்டேன். நீ முட்டை வைத்து ஆராய்ச்சி செய்யும் அறை குளிர் என்றாயே, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்யாதே, போட்டுக்கொள்.

அக்கா, இங்கிருந்து எழுதுவது நான், சின்னவள். அம்மா கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். உனக்குப் படம் வரையப் போகிறேன் என்று சொல்லி நடுவில் இடம் விட்டு வைத்திருந்தேன். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், வெளிச்சம் வெளியே போகாமல் கதவுக்கு அடியில் துண்டை மடித்து வைத்திருக்கிறேன். தம்பிக்குத் தலை பெரிது என்று டாக்டர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் சொன்னது, மூளையின் இரண்டு பாதியையும் சேர்க்கும் நரம்புக் கட்டு தம்பிக்கு உருவாகவே இல்லை, அதனால் உள்ளே நீர் நிற்கும் அறைகள் அகலமாக இருக்கின்றன என்று. சில பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்வார்களாம், சிலரால் நடக்கவோ பேசவோ முடியாதாம், தம்பி எப்படி என்று இப்போது சொல்ல முடியாதாம். இன்னொரு ஸ்கேன் எடுத்த பிறகு, பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அம்மா முடிவு செய்யலாமாம், அதற்கும் நாள் அதிகம் இல்லையாம். அம்மா வயிற்றில் ஸ்கேனுக்குத் தடவிய பசையோடு படுத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். என்னடி சொல்றாரு, சொல்லேன்டி என்றாள். அகலம் என்ற ஒன்றுதான் வாய் வரை வந்தது, வெளியே வரும்போது அது, தம்பிக்குத் தலை பெரிசாம்மா, நல்ல மூளையாம் என்று ஆகிவிட்டது. அம்மா சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாயா என்று டாக்டர் என்னைக் கேட்டார். தலையாட்டினேன். அப்பாவுக்கும் தெரியாது.

நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து தூங்க முடியவில்லை அக்கா. முட்டை ஓட்டில் ஜன்னல் மாதிரி வெட்டிப் பார்ப்பாய், உள்ளே கோழிக்குஞ்சுக்கு வளரும் நரம்பின் நுனி இருட்டில் கை துழாவுவது போலப் போகும், வழியில் சில மூலக்கூறுகள் வா என்னும், சில போ என்னும் என்றாய். இடது பாதிக்கும் வலது பாதிக்கும் இடையே நடுக்கோட்டில் இருக்கும் செல்கள் நரம்பை வா வா என்று கூப்பிடும், தாண்டியதும் அதே இடம் திரும்பி வராதே என்று தள்ளும், அதனால்தான் அது எதிர்ப்பக்கம் போய்ச் சேரும் என்றாய். விருந்துக்கு வருந்தி வருந்திக் கூப்பிட்டு, சாப்பிட்டு எழுந்ததும் செருப்பை எடுத்துக் கொடுப்பார்களே, அப்படியா என்றேன், நீ சிரித்தாய். தம்பியின் நரம்புகளை யாரும் கூப்பிடவில்லையா? கூப்பிட்டும் அவற்றுக்குக் கேட்கவில்லையா? ஒரு குட்டிப் பாசிமணியை மருந்தில் நனைத்து முட்டைக்குள் வைத்தால் நரம்பு அதை நோக்கித் திரும்பும் என்றாயே, அதைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு, காலம் தப்பினால் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நரம்புகள் சுருண்டு கிடந்துவிடும் என்றும் நீதான் சொன்னாய். தம்பிக்கு இப்போது இருபத்தோராவது வாரம். அடுத்த ஸ்கேன் வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன். நீ போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், உன்னிடம் தனியாகப் பேச முடிவதில்லை. நீயே அவளிடம் சொல்லிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கீழே அவள் சொல்லியிருப்பதைப் படித்துப் பார். டாக்டர் சொன்னது எனக்கு இந்த ஊர்ப் பாஷையில்தான் தெரியும். அதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று மட்டும் எழுதி, என் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

சரி மகளே, நோய்நொடி இல்லாமல் நிறைந்த மனசோடு நெடுநாள் இரு, அதுவே எனக்குப் போதும். ராத்திரி கண் விழிக்காதே. தம்பிக்கு ஒரு நல்ல பெயர் யோசித்து எழுத மறந்துவிடாதே. அடுத்த ஸ்கேனுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்தது, வேண்டாம் என்ற கட்டத்தில் சின்னவளையே கோடு போடச் சொன்னேன். வெளியாள் சொன்னால் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. இவள் வாயால் சொன்னால்தான் மனசில் நிற்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா