அக்கா நட்ட கல்

கார்த்தேஜ்,
ஸிவ் மாதம், பன்னிரண்டாம் நாள்.

என் உயிரான தம்பி ஸக்கர்பாலுக்கு,

அக்கா ஷிப்லத் எழுதுவது. நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பத்து மாதமாக ரோமானியன் உன் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது என்ன நலம் இருக்கும்? ஆனாலும் கேட்கிறேன். நலமா? இருமல் நின்றதா? நான் கொடுத்தனுப்பிய கம்பளி உள்ளங்கியை நீ போட்டுக்கொள்கிறாயா, இல்லை குளிரில் நடுங்கிய எவனுக்காவது கழற்றிக் கொடுத்துவிட்டாயா? உன்னை எனக்குத் தெரியும்.

இங்கே உன் அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. நூற்றுநால்வர் மன்றத்தில் போய் உட்கார ஆரம்பித்ததிலிருந்து கழுத்து ஒரு விரல் நீண்டிருக்கிறது. தளபதிகளை விசாரித்து விசாரித்து, வீட்டில் கூழில் உப்பு கூடினால்கூடச் சாட்சி கேட்கிறார்.

சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினேன். ஆனால் சொல்ல வந்தது வேறு. வடகரைக் கோட்டையை விட்டுவிட்டு வந்தாரே, அப்பாவோடு கப்பலில் போன அந்தத் தளபதி, அவரைப் போன வாரம் சிலுவை மரத்தில் ஏற்றிவிட்டார்கள். நான் அன்று சாப்பிடவில்லை. அத்தான் சொன்னார்: "சுவர் விழுந்து வந்திருந்தா மன்னிச்சிருப்போம்டி. சுவர் நிக்கறப்பவே கதவைத் தொறந்துட்டான். இவனை விட்டா நாளைக்கு எவன் சண்டை போடுவான்?"

அன்றே பெருமாட்டி தானித்தின் சந்நிதிக்குப் போனேன். என் தம்பியின் முகத்தை இந்த ஊரில் இன்னொரு முறை உயிரோடு காட்டு, உனக்கு ஒரு கல் நடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ இதையெல்லாம் நம்பமாட்டாய். நம்பவேண்டாம். நான் நம்பிக்கொள்கிறேன், நீ வந்து சேர்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்கா,
ஷிப்லத்

*

சிசிலி, மேற்குமுனைக் கோட்டை,
மர்பேயிம் மாதம், மூன்றாம் நாள்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரோமானியக் கப்பல்களுக்கு நடுவே, மூடுபனியில் புகுந்து வந்தான் உன் படகோட்டி. பாதி நனைந்துவிட்டது. உப்பு பற்றி எழுதிய இடம் மட்டும் முழுசாக இருந்தது. அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாளாகிறது.

உள்ளங்கி பற்றிக் கேட்டாயே, சரியாகத்தான் கேட்டாய். அது இப்போது கவண் வீரர்களின் தலைவன் துர்மோவிடம் இருக்கிறது. பலேயாரித் தீவுக்காரன். அவனுக்குக் காய்ச்சல். எனக்கு இருமல் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல நினைத்தேன். நிற்கவில்லை.

ஆயிரத்து நூறு பேராக உள்ளே வந்தோம். இப்போது அறுநூற்று நாற்பது பேர். கோவேறுகழுதைகள் தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கேடயத் தோலை ஊறவைத்து வேகவைக்கிறோம். கவணுக்குக் கல்லும் தீர்ந்துபோய், ரோமானியன் எறிவதையே பொறுக்கித் திருப்பி எறிகிறோம். நேற்று துர்மோ கேட்டான்: "தளபதி, உங்க ஊர்க்காரங்க அனுப்பறேன்ன கப்பலு, தச்சன்கிட்ட இருக்கா, இல்ல மரத்துக்கு இப்பத்தான் விதை போட்டிருக்காங்களா?" எல்லோரும் சிரித்தார்கள்.

தோளில் ஓர் அம்பு பட்டது. பயப்படாதே, எடுத்தாயிற்று. எடுக்கும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் துறைமுகத்தில் என் காலில் தூண்டில் முள் ஏறியபோது, "முள்ளைப் பார்க்காதடா, என் மூஞ்சியைப் பாரு" என்றாயே. பார்த்தேன், அழவில்லை. இங்கே பார்ப்பதற்குத் துர்மோவின் மூஞ்சிதான் இருந்தது. அது வலியைவிட மோசம்.

அத்தானிடம் சொல், அக்கா. இருபது கப்பல் போதும். தானியம்கூட வேண்டாம், இவர்களை ஏற்றிக்கொண்டு போனால் போதும். இவர்கள் என் வார்த்தையை நம்பி உள்ளே வந்தவர்கள்.

உன் தம்பி,
ஸக்கர்பால்

*

கார்த்தேஜ்,
மர்பேயிம் மாதம், இருபதாம் நாள்.

தம்பி,

கப்பல் வராது.

சுற்றி வளைத்து எழுத நினைத்தேன், முடியவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது அத்தானிடம் கேட்டேன். "இந்தப் பருவத்துல இல்ல. லிபியாவுல நிலம் வச்சிருக்கறவங்க எல்லாரும் படையை அந்தப் பக்கம் திருப்பணும்னு கை தூக்கிட்டாங்க" என்றார். "நீங்க எதுக்குத் தூக்கினீங்க?" என்றேன். ரொட்டியை எண்ணெயில் தொட்டுக்கொண்டே, "நான் ஒருத்தன் தனியா நின்னு என்னடி ஆகப்போகுது?" என்றார். ரொட்டித் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

ஆனால் கப்பல் இல்லை என்பதை உனக்குச் சொல்லி அனுப்பவும் மாட்டார்கள். "கடைசிவரை நில்" என்றுதான் எழுதுவார்கள். அது யாருடைய கடைசி என்று எழுதமாட்டார்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை, தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தது உன்னை ஒருவனைத்தான். எப்படியாவது வந்துவிடு. ஆனால் வடகரைத் தளபதி வந்த மாதிரி வராதே. உன்னால் முடியாததையெல்லாம் ஒரே மூச்சில் கேட்கிறேன், தெரிகிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

அக்கா

*

மேற்குமுனைக் கோட்டை,
மர்பேயிம் மாதம், இருபத்தெட்டாம் நாள்.

அக்கா,

இதை மெழுகுப் பலகையில் எழுதுகிறேன். படித்ததும் மெழுகைத் தேய்த்து அழித்துவிடு. அத்தானுக்கும் தெரியக்கூடாது.

ரோமானியத் தளபதியோடு பேசிவிட்டேன். தோலை எண்ணித் தின்கிற நிலைமையில் மானம் பார்க்க முடியவில்லை. எதனிம் மாதம் பதினாறாம் நாள் கோட்டையை விடுகிறோம். ஆளுக்கு ஒரு உடுப்போடு அறுநூற்றுப் பத்துப் பேரும் வெளியே போகலாம். (முப்பது பேர் குறைந்துவிட்டார்கள்.) கடலோரத்தில் மீன்பிடிப் படகுகள் கிடைக்கும்.

அதற்கு முந்தைய நாள் சுவர் விழும். வடக்குக் கோபுரத்துக்குக் கீழே நாங்களே தோண்டுகிறோம். ரோமானியன் அடித்ததில் விழுந்தது என்று அறுநூற்றுப் பத்து வாயும் ஒரே மாதிரி சொல்லும். துர்மோ சத்தியம் வாங்கியிருக்கிறான். "எங்க தளபதி மரத்துல தொங்கினா நாங்க எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?" என்றானாம்.

ஆக, எதனிம் பதினைந்தில் சுவர் விழுந்தது, பதினாறில் வேறு வழியில்லாமல் வந்தேன். அத்தானின் மன்றம் கேட்பது அந்த ஒரு நாள் வித்தியாசத்தைத்தான். அதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வருகிறேன் அக்கா. பாலாடைக்கட்டியும் தேனும் முட்டையும் போட்டு ஒரு கூழ் செய்வாயே, அதை நினைத்தாலே கண்ணில் நீர் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஸக்கர்பால்

*

கார்த்தேஜ்,
எதனிம் மாதம், ஐந்தாம் நாள்.

என் செல்லமே, என் கண்ணே,

அழித்துவிட்டேன். கட்டைவிரலால் தேய்த்தேன், பிறகு அடுப்புப் பக்கத்தில் வைத்து மெழுகையே உருக்கிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அத்தான், "என்னடி, மூஞ்சியில வெளிச்சம் அடிக்குது?" என்றார். புது எண்ணெய் தேய்த்தேன் என்றேன்.

தானித்திடம் மட்டும் சொன்னேன். அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? நேற்றே கல்லை நட்டுவிட்டேன். தம்பி வந்து சேரட்டும், பிறகு நடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் மூன்றாம் வீட்டு அமத்பால் அப்படித்தான், புருஷன் கப்பல் கிளம்பிவிட்டது என்று சேதி வந்த பிறகும், கரையைத் தொடட்டும் என்று நேர்த்திக்கடனைத் தள்ளிப் போட்டாள். கப்பல் துறைமுகத்துக்கு எதிரிலேயே கவிழ்ந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகும் தள்ளிப்போட்டால், நீ பொய்க்காரி என்று தானித்தின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. உன் விஷயத்தில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

கல்தச்சன் ஆரிஷ் கேட்டான்: "பேரு போடாம வைக்கலாமாம்மா?" பேர் இல்லாமல் வைத்தால் யாருக்காகக் கேட்டோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உன் பேர், அப்பா பேர், தாத்தா பேர், எல்லாம் போடச் சொன்னேன். "மேற்குமுனைக் கோட்டையிலிருந்து உயிரோடு வருகிறான், என் குரலைக் கேட்டு அருளினாள்" என்று செதுக்கியிருக்கிறான். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. மேலே அவளுடைய கைச் சின்னம், கீழே நாள். நாள் போடாத கல்லைக் கோயில்காரர்கள் உள்ளே விடுவதில்லை. பயப்படாதே, அங்கே ஆயிரம் கல் நிற்கிறது. யார் நின்று படிக்கப்போகிறார்கள்?

கூழுக்குத் தேன் வாங்கி வைத்துவிட்டேன். சீக்கிரம் வா.

உன் அக்கா,
ஷிப்லத்

*

கார்த்தேஜ், கோட்டைச் சிறை,
பூல் மாதம், ஒன்பதாம் நாள்.

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். காவல்காரன் நல்லவன், தாளும் மையும் கொடுத்தான். துறைமுகத்திலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டதால் உன் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தேன், கூட்டத்துக்கு அந்தப் பக்கம். இளைத்திருக்கிறாய்.

இன்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நாளைக் காலை.

எப்படித் தெரிந்தது என்று நீ குழம்பிக்கொண்டிருப்பாய். கம்பானியாக்காரன் ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான். சுவரைத் தோண்டியதை, நாள் குறித்ததை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கூலிப்படைதானே, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நீ யாரையும் நினைத்து மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. முக்கியமாக உன்னை.

அத்தானோடு சண்டை போடாதே. அவர் முடிந்ததைச் செய்தார்.

அறுநூற்றுப் பத்துப் பேரில் அறுநூற்றெட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். சிறை வாசலில் துர்மோ நின்று கத்துவது இங்கே கேட்கிறது: "எங்களையும் கேளுங்கடா! நாங்க தின்ன தோலைக் கொண்டாந்து காட்டட்டுமா?" அவன் இன்னும் உன் உள்ளங்கியைத்தான் போட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு கிண்ணம் கூழ் கொடு.

நாளைக்கு நீ வரவேண்டாம். அக்கா, தயவுசெய்து வராதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை நீ பார்க்கக்கூடாது.

உன் தம்பி,
ஸக்கர்பால்

*

கார்த்தேஜ்,
பூல் மாதம், ஒன்பதாம் நாள், மாலை.

தம்பி,

உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும். கடிதத்தில் காது தெரியாது என்று நினைத்துவிட்டாய்.

கம்பானியாக்காரன் யாரும் இல்லை. அத்தான் வந்து சொல்லிவிட்டார். மன்றத்துக் கிழவர் ஒருவரின் மனைவி பேரனுக்காகக் கல் நடப் போனாளாம். பக்கத்தில் நின்ற கல்லைப் படித்தாளாம். எதனிம் நான்காம் நாள். சுவர் விழுந்தது பதினைந்தாம் நாள். பதினோரு நாளைக்கு முன்பே, கோட்டையிலிருந்து தம்பி வருகிறான் என்று ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்களாம். கல்லையே பிடுங்கிக்கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார்களாம். அதுவரை அறுநூறு பேரும் ஒரே வார்த்தையில் நின்றார்களாம். உன்னை விட்டுவிடுவதாகத்தான் இருந்ததாம்.

"அவளைக் கூப்பிடுங்கள்" என்று ஒருவர் சொன்ன உடனே நீ எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயாம். நான் அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது என்பதற்காக.

அத்தானிடம், "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "அவங்க பக்கம்தான்டி. நான் மாறி நின்னிருந்தா உன்னையும் இழுத்திருப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை. என்னைப் பார்க்கவும் முடியவில்லை.

எதனிமில் நான் எழுதிய கடிதத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோக முடியவில்லை என்று படகோட்டி திருப்பிக் கொடுத்துவிட்டான். அது உன் கைக்கு வந்திருந்தால், "பைத்தியக்காரி, போய்க் கல்லைப் பிடுங்கு" என்று திட்டியிருப்பாய். பிடுங்கியிருப்பேன். நீ மெழுகில் எழுதி அழிக்கச் சொன்னதை நான் கல்லில் எழுதி நட்டேன். எதிரி ஒரு வருடத்துக்கும் மேலாக முயன்று முடியாததை நான் ஒரே காலையில் செய்துவிட்டேன்.

என்னை மன்னிக்காதே. நீ மன்னித்துவிட்டாய் என்று தெரிகிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. தானித்தைத் திட்டலாம் என்று கோயில் வரை போனேன். கல் இருந்த இடம் குழியாக இருந்தது. உன் முகத்தை இந்த ஊரில் இன்னொரு முறை உயிரோடு பார்க்க வேண்டும் என்றுதானே கேட்டேன்? துறைமுகத்தில் பார்த்தேன். அவள் கொடுத்துவிட்டாள். திட்ட வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

துர்மோவுக்குக் கூழ் கொடுத்தேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தளபதிக்குன்னு செஞ்சதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கீழே வைத்துவிட்டான். இந்தக் கடிதத்தோடு ஒரு சட்டியில் அனுப்புகிறேன். ஒரு வாயாவது சாப்பிடு.

நாளைக்கு வராதே என்கிறாய். வருவேன். அத்தான் கதவைப் பூட்டினாலும் வருவேன். கூட்டத்தில் முன்னால் நிற்பேன், உனக்குத் தெரிகிற இடத்தில், வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு. அழமாட்டேன்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காதேடா. கையைப் பார்க்காதே, காலைப் பார்க்காதே. என் மூஞ்சியைப் பாரு.

அக்கா