வச்சலா செய்த உமிப் பெட்டி

மகாபலிபுரம்
பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, 1979

அன்பு மகள் சரோஜாவுக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க கங்கையம்மன் துணை இருப்பாள். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, உன் நைனா கடலுக்குப் போய் வருகிறார், நானும் மீன் கூடையோடு திருப்போரூருக்கு பஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் சோறு இறங்கவில்லை சரோஜா. உன் தங்கை வச்சலாவைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள், பத்தாவது பரீட்சை கிட்டத்தில் வந்துவிட்ட நேரத்தில்.

நடந்ததைச் சொல்கிறேன். சயின்ஸ் எடுக்கிற சகுந்தலா டீச்சர், கண்காட்சிக்குப் புத்தகத்தைப் பார்த்து எரிமலையும் அணைக்கட்டும் செய்ய வேண்டாம், உங்கள் வீட்டில் எது கஷ்டமோ அதற்கு ஒரு வழி செய்து கொண்டுவாருங்கள் என்று சொன்னாராம். நம் வீட்டில் கஷ்டம் என்ன, மீன் கெட்டுப்போவதும், கூடையில் தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் என்னை வழியில் இறக்கிவிடுவதும்தானே. வச்சலாவும் அவள் கூடப் படிக்கிற தனகோடியும் சேர்ந்து, டீத்தூள் வருகிற பலகைப் பெட்டிக்குள் தகர டின்னை இறக்கி, சுற்றி உள்ள சந்தில் உமியை அடைத்தார்கள். தனகோடி வீட்டில் விவசாயம், உமி அவள் கொண்டுவந்தது. முதல் பெட்டியில் உமி நனைந்து நாறிப்போனது. பிரித்துப்போட்டு, தகரத்து ஓரமெல்லாம் தார் பூசி மறுபடி செய்தார்கள். அதில் காலையில் போட்ட ஐஸ் சாயங்காலமும் இருந்தது, நான் கையை விட்டுப் பார்த்தேன்.

கண்காட்சிக்கு வந்த அதிகாரி, பெட்டியில் வைத்திருந்த மீன் வாடைக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்தாராம். உடனே ஹெட்மாஸ்டர் பெட்டியைத் தூக்கிக் கக்கூஸ் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். ஆனால் என்னோடு மீன் விற்கிற பூவாயியும் கன்னியம்மாவும் எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுடி என்று கேட்க, வச்சலா வகுப்பில் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கிராஃப்ட் வகுப்பில் தக்ளியில் நூல் நூற்பதற்குப் பதிலாகப் பெட்டி செய்திருக்கிறாள். அதை வாங்கிப்போக நம் தெருப் பெண்கள் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றதை ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு, இது பள்ளிக்கூடமா மீன் மார்க்கெட்டா, வியாபாரம் பண்ற பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு என்றார். நான் காலில் விழாத குறை. பள்ளியில் வியாபாரம் செய்தது தப்பு, இனி இப்படி எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுகிறேன் என்றார். தனகோடி அவள் அப்பாவுக்குப் பயந்து போட்டுவிட்டாள். இப்போது பஸ்ஸில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அந்தப் பெண்ணைச் சொல்லியும் குற்றமில்லை. இவளோ, நான் இன்னா தப்பு பண்ணேன்னு அவரு சொல்லட்டும்மா, போடறேன் என்கிறாள். அடித்தேன், பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். கடைசியில் எழுதிக்கொண்டு போனாள். நாற்றம் அடித்ததற்கு மன்னிக்கவும், பெட்டி செய்ததற்கு மன்னிப்புக் கேட்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். அவர் அதை என் எதிரிலேயே கிழித்துப் போட்டுவிட்டு டி.சி.யைக் கொடுத்துவிட்டார். சகுந்தலா டீச்சர் பஸ் ஸ்டாப்பு வரை பின்னாலேயே வந்து, நான் டெம்பரரிம்மா, என்னால ஒண்ணும் பேச முடியல என்று அழுதார்.

உன் நைனா, பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு, மாசியில நம்ம அக்கா மவன் தணிகைவேலுக்குக் கட்டிக் குடுத்துடலாம் என்கிறார். அவன் குடிப்பது உனக்குத் தெரியும். இவளோ தினமும் யூனிபாரத்தைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறாள்.

அதனால் கேட்கிறேன். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, இவளை உன்னோடு வைத்துக்கொள்வாயா. ஒரு வருஷம் வீணாகப் போனாலும் போகட்டும், மறுபடி பத்தாவதிலேயே சேர்க்கட்டும். வீடு சின்னது, மாப்பிள்ளைக்குச் சிரமம், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன், கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. நைனா வேண்டாம் என்றாலும் நானே ரயிலேற்றி அனுப்புவேன், அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தைக்குக் குளிரில் தலைக்கு ஊற்றாதே. மாப்பிள்ளையிடம் அவர் சாப்பிட்ட பிறகு பொறுமையாகச் சொல். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக வாழ வேண்டும். முக்கியமாக ஒன்று, பதிலைக் கடிதமாகப் போடாதே, அது வந்து சேர்வதற்குள் தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். அனுப்பு என்று ஒரே வார்த்தை தந்தி கொடு. தந்தி வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று தெருவே வாசலில் கூடி அழும். அழுதால் அழட்டும், நீ கொடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
இ. ஆதியம்மாள்