டிரைவில் காய்ந்த சந்தனம்

நாளை ஆயுத பூஜை. கடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேசை இழுப்பறையின் அடியிலிருந்து படங்களுக்கு நகல் எடுத்து வைக்கும் நம் பழைய பேக்கப் டிரைவ் வந்தது. கேபிள் செருகும் துளையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். எனக்கு மட்டும் அடித்தது. துணியைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் மாடிப்படிக்குக் கீழே நாம் ஸ்டூடியோ வைத்திருந்த காலம். நான் படம் எடுப்பேன், நீ கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்வாய். தொழுதுவிட்டு வரும் வழியில் பூஜைக்குப் பொரி கடலை வாங்கி வருவது எப்போதும் நீதான். "எனக்கு ரெண்டு பங்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாய். அந்த வருடம் கேமரா, மானிட்டர், மவுஸ் என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்த நான் டிரைவைக் கையில் எடுத்தேன்.

"ஓட்டைப் பக்கம் வேணாம் மச்சான், மேல வை" என்றாய்.

"சாமி காரியத்துல நொட்டை சொல்லாதடா" என்று அங்கேயே அப்பினேன். நீ இன்னொரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாய்.

அடுத்த வாரமே கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. பேக்கப்தான் இருக்கிறதே என்று நாம் அலட்டிக்கொள்ளவில்லை. புது டிஸ்க் மாட்டிய அன்று காலை கோவிலம்பாக்கத்து அம்மா வந்து நின்றார். ஆவணியில் அவர் மகளின் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கித் தர வருவதற்குள் அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் பதினாறாம் நாள் காரியம்.

"மாப்ளைக்கு மாலை போடசொல்ல சிரிச்சினு இருப்பாரே, அந்தப் படம் வேணும். வூட்ல வேற படமே இல்லப்பா."

கேமரா கார்டை நான் எப்போதோ அழித்துவிட்டு வேறு கல்யாணங்களுக்குக் கொண்டுபோயிருந்தேன். அவர் கணவரின் சிரித்த முகம் அந்த டிரைவில் மட்டும்தான் இருந்தது.

டிரைவிலிருந்த படங்களைப் புது டிஸ்க்கில் ஏற்ற நீ ரீஸ்டோர் போட்டாய். திரையில் பச்சைக் கோடு கால்வாசி ஓடி நின்றது. டிரைவே இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி போட்டாய். முன்பக்கம் செருகினாய், பின்பக்கம் செருகினாய், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினாய். ஒவ்வொரு முறையும் எங்காவது ஓரிடத்தில் நின்றது. அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆள் அகலக் கடை. அவரைத் தாண்டாமல் ஒன்றுக்குப் போகக்கூட வழியில்லை. கோடு நிற்கும்போதெல்லாம் "படம் கீதா, இல்லியா?" என்பார். கீது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மதியத்துக்கு மேல் நீ டிரைவைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். குண்டூசியால் உள்ளே மெல்ல நோண்டினாய். மஞ்சள் தூள் மேசையில் உதிர்ந்தது. அதை உள்ளங்கையால் வழித்து உன் பேண்டில் துடைத்துக்கொண்டு, சந்தனம் ஒட்டிய கேபிளை ஒதுக்கி வேறு கேபிளை எடுத்து மாட்டினாய். கோடு நிற்காமல் கடைசிவரை ஓடியது. மாலையும் கையுமாக அவர் கணவர் திரையில் சிரித்தார்.

அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"காலைலேர்ந்து இன்னா பேஜாரு இது? யாரு பண்ண தப்பு?"

சொல்ல வாயெடுத்தேன், நீ முந்திக்கொண்டாய் என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். நான் வாயே திறக்கவில்லை.

"நான்தாம்மா. மட்டமான கேபிள் வாங்கிட்டேன்" என்றாய்.

"சாவு வூட்டு வேலைல வெளாட்ற. நீ நல்லாருப்பியா?" என்று உன்னைத்தான் திட்டினார். நீ தலைகுனிந்து நின்று படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாய்.

அதன்பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் என்னிடம் வந்து, "அந்தக் கேபிள் பாய் கைல குடுத்துடாதீங்க சார்" என்பார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் கூப்பிட்டார்கள். ஒரு கட்டத்தில் நானும் கூப்பிட்டேன்டா. நீயும் சிரித்துக்கொண்டே திரும்பினாய். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று உன் மகள் கேட்டாள்: "அங்கிள், அத்தாவ ஏன் எல்லாரும் கேபிள் பாய்னு சொல்றாங்க?"

"கேபிள் வேலைல அவ்ளோ கெட்டிக்காரன்மா" என்றேன். அந்த அழுகையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைக் கெடுக்காமல் உண்மையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நீ போன பிறகு பூஜைக்குப் பொரி வாங்கி வருவது அவள்தான். நாளைக்கும் வருவாள். டிரைவைத் துடைக்காமல் அப்படியே மேசைமேல் வைத்திருக்கிறேன். இதென்ன மஞ்சளாக என்று கேட்பாள். அன்றைக்கு அந்த அம்மா கேட்டபோது நான் நின்ற அதே நிலையில்தான் நாளைக்கும் நிற்பேன். இந்தத் தடவை எனக்கு முந்திக்கொள்ள நீ இல்லை.