ஆளைத் தெரியாது

வெள்ளவத்தை,
08.01.1996

அன்புள்ள ஜெகதீஸ்வரிக்கு,

நீர் லண்டனுக்குச் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது அறிந்தேன். உமது அம்மா சுகம். முழங்கால் நோ குறைவு. சம்பலில் உறைப்பில்லை என்று காலையிலும் என்னோடு சண்டை பிடித்தா.

கடிதத்தின் அடியில், "என்ர சின்ன ரிக்குவெஸ்ட், அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போயிடாதையும்" என்று எழுதியிருந்தீர். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தோரில் ஒன்றாய் வேலை செய்தபோது அந்தச் சொல்லை எனக்குப் பழக்கியதே நீர்தானே! என் லீவுக் கடிதத்தைத் திருத்தி, "வீட்டு ஆக்களிட்டைத்தான் கேக்கிறது, நேசம். மேலிடத்தை ரிக்குவெஸ்ட் பண்ணவேணும்" என்று சிரித்தீர். இடமாற்றத்துக்கும் அதுதான், றேடியோவில் பாட்டுக் கேட்கவும் அதுதான் என்றீர்.

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த கிழமை என் கணவர் நாகேந்திரத்தைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் வந்து பொறுப்புச் சொன்னால் விடுவோம் என்றார்கள். உம்மை நம்பிக் கூட்டிக்கொண்டு போனேன். நீர் பொலிஸில் என்ன சொன்னீர்? அவை இரண்டுபேரும் ரிக்குவெஸ்ட் பண்ணினபடியால் அறை கொடுத்தேன், ஆளைத் தெரியாது என்றீர். எனக்குச் சிங்களம் அவ்வளவு விளங்காது என்று நினைத்தீராக்கும்.

ஆர் ஆரைக் கேட்டது, ஜெகா? உம்முடைய அவர் லண்டன் போனபிறகு, தனிய இருக்கப் பயமாயிருக்கு, வாருங்கோ என்று நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனை வரை வந்து எங்களைக் கூப்பிட்டது நீர். உமது அம்மாவைத் தூக்கிப் படியிறக்கி டொக்டரிடம் கொண்டுபோன மனிசனைத் தெரியாதா? விசா வந்திருந்த நேரம், பயந்திருப்பீர். அது விளங்குது. ஆனால் வெளியே வந்து, ஓட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சொல்லிப்போட்டன், விட்டிடுவாங்கள்" என்றீரே. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் இன்னும் மறியலில், கம்பிக்குப் பின்னால். நடந்ததை நடந்தபடி எழுதி, நீர் அங்கிருந்து ஒரு சத்தியக்கடதாசி அனுப்பினால் மாசி வழக்குத் தவணையில் வெளியே எடுக்கலாம் என்று வழக்கறிஞர் தில்லைநாதன் சொல்கிறார்.

அம்மாவை நான் விட்டுப் போகமாட்டேன். அதற்கு உமது ரிக்குவெஸ்ட் தேவையில்லை. "நாகேந்திரம் எப்ப பிள்ளை வருவான்?" என்று இன்றைக்கும் கேட்டா. உங்கட மகள் கடிதம் போட்டதும் வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போடும், ஜெகா. வீட்டு ஆளாய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நீர் தெரியாது என்றவரின் மனைவி,
நேசமலர்