செவலையின் முகம்

12.7.93 திங்கள்
காற்று. தூறல். கொட்டகையில் அறுந்த கயிறு மட்டும். செவலையைக் காணோம். வண்டி இருக்கிறது, இழுக்கத்தான் ஆளில்லை. மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள் காத்துக் கிடக்கும். எப்படியும் கிடைத்துவிடுவாள். குதிரை என்ன குண்டூசியா?

சிங்காநல்லூர் வரை நடை. செருப்பு வார் போச்சு. மகள் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள். ஊறவைத்த கொள்ளு அப்படியே.

13 செவ்வாய்
உக்கடம் குளத்தோரம் திரிந்த செவலைக் குதிரை ஒன்றை விறகுக்கடை பாய் பிடித்துக் கட்டியிருப்பதாகத் தகவல். ஓடினேன். ஷெட் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கனைப்பு. என் குதிரையேதான்.

"கனைப்பு எல்லாக் குதிரைக்கும் ஒண்ணுதானுங்க" என்றார் பாய். "சூலூர்க்காரர் ஒருத்தரும் செவலையைத் தொலைச்சுப்போட்டுத் தேடறாரு. நாளைக்கு மத்தியானம் வாராரு. அடையாளம் சரியாச் சொல்றவங்க ஓட்டிட்டுப் போங்க. நெத்தியில என்னங்க?"

நெற்றி! எட்டு வருஷமாக நான் பார்த்தது முதுகு, வால், பின்னங்கால். வண்டியில் உட்கார்ந்தால் வேறென்ன தெரியும்? ஆனாலும் தைரியமாகச் சொன்னேன்: "வட்டமா வெள்ளைப் பொட்டுங்க."

"இல்லீங்க. நல்லா ரோசனை பண்ணிட்டு வாங்க."

தினமும் கொள்ளு வைப்பவள் மகள்தான். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொட்டுங்களா? ஒத்தை நாமமுங்கப்பா! மூக்குகிட்ட வந்து இடது பக்கம் வளைஞ்சிருக்கும். என்ற மூஞ்சியாவது ஞாபகம் இருக்குதுங்களா?"

14 புதன்
மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர். நான் எழுதியதை அவள் திருத்தி எழுதினாள். காலையிலேயே இருவரும் உக்கடம்.

நாமத்தைச் சொன்னேன். வளைவையும் சொன்னேன். பாய் சிரித்தார். "அம்மணி சொல்லிக் குடுத்துச்சாட்ட இருக்குது. சரி, காலுங்க?"

இது நம்ம ஏரியா. "வலது பின்னங்கால் பாதி வரைக்கும் வெள்ளைங்க. இடதுல கொலுசு அகலத்துக்கு."

"நாலு காலும் கருப்புங்க. நானே பார்த்தேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. முகத்தில் கோட்டை விடுவேன், பின்னங்காலில் விடமாட்டேன்.

"ஒரு வாளித் தண்ணி குடுங்க பாய். குளத்துச் சேறா இருக்கும்."

கதவைத் திறந்தார். கால்களில் காய்ந்த கருஞ்சேறு. மகள் ஊற்ற ஊற்ற நான் தேய்த்தேன். வலதில் பாதி வரை வெள்ளை வந்தது. இடதில் கொலுசு.

"முன்பக்கம் புள்ளைக்கு, பின்பக்கம் உங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டீங்களாட்ட" என்று பாயே கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். சூலூர்க்காரருக்கும் அவர் குதிரை கிடைக்கட்டும்.

15 வியாழன்
வெயில். மூட்டை இரண்டு நடை. வண்டி பூட்டுமுன் முன்னால் போய் நின்று நிதானமாகப் பார்த்தேன். நாமம், சரி. வளைவு, சரி. கீழ் உதட்டில் புளியங்கொட்டை அளவு இன்னொரு வெள்ளை. மகள் இதைச் சொல்லவே இல்லையே! தெரியாது போல. சாயங்காலம் வரட்டும், கேட்கிறேன்.