யார் இடுப்பிலும் கயிறு இல்லை

தை, வெள்ளி இரவு

அருணாசலப் பிரதேசக் காட்டில் ரோடு போட்டபோது என் வீட்டுக்காரருக்கு மேலே இருந்த இன்ஜினியர் இன்று வலங்கைமானுக்கே வந்துவிட்டார். அங்கே எடுத்த பழைய படங்களைப் புத்தகமாகப் போடுகிறாராம். என் சம்மதம் வேண்டுமாம்.

ஒரு படத்தை நீட்டினார். பாதி கட்டிய பாலத்தின் மேல் என் வீட்டுக்காரர் நிற்கிறார், கூட நாலைந்து பேர். கீழே ஆறு.

"அவரு விழுந்து இறந்த அன்னைக்குக் காலையில எடுத்தது. எவ்வளவு கம்பீரமா நிக்கிறாரு பாருங்க."

"இடுப்புல பாதுகாப்புக் கயிறு எங்கங்க?"

"அவரேதான் அவுத்துட்டாருன்னு அப்பவே சொன்னேனேம்மா."

"மத்தவங்களும் அவுத்துட்டாங்களா?"

அவர் படத்தைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

"எந்திரிச்சுப் போங்க" என்றேன். காப்பியைத் தொடாமல் போனார்.

அந்த ஆள் சொன்னதை நம்பி, மாமியார் சாகும்வரை பெற்ற பிள்ளையையே திட்டிக்கொண்டிருந்தார். கவனமில்லாதவன் என்று ஊரும் சொன்னது.

மகன் அடுத்த வாரம் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். "அவரு பெரிய மனுஷன்மா, பழசை விடு" என்றான். நான் படத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சோறு ஆறிவிட்டது. இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.